விஸ்வநத்தம் பகுதியில் வீட்டுக்குள் முயல் வளர்ப்பு: வெயில், வெடிச்சத்தம், தீவனம் – கவனிக்க வேண்டியவை

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காலை, விஸ்வநத்தத்தில் இருந்து ஒரு பெண் விவசாயி கைபேசியில் அழைத்தார். "சார், பிள்ளைக ஆசைப்பட்டுச்சேன்னு வீட்டுக்குள்ள ஒரு முயல் வளக்கிறோம். தீபாவளி ராத்திரியில இருந்து அது ஒண்ணும் திங்கல. வெடிச் சத்தத்துல பயந்திருக்கும், ரெண்டு நாள்ல தானா சரியாயிரும்னு விட்டுட்டோம்" என்றார். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போகச் சொன்னேன். போனார்கள். ஆனாலும் அன்று மாலையே முயல் இறந்துவிட்டது.

ஆடோ மாடோ ஒரு நாள் இரை எடுக்காவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்போம். முயலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அதன் உயிருக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்று தெரிந்திருந்தால் அந்த முயல் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு.

சிவகாசி வட்டாரத்தில் வீட்டுப் பிராணியாக முயல் வளர்க்கும் ஆர்வம் இருக்கிறது. நாய் போலக் குரைக்காது, இடமும் குறைவாகத்தான் வேண்டும், புல் நம் வரப்பிலேயே கிடைக்கும். ஆனால் நம் கந்தக பூமியில் முயலுக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று வெயில், மற்றொன்று வெடிச்சத்தம். இந்த இரண்டையும் சமாளித்து, தீவனத்தையும் சரியாகக் கொடுத்தால் வீட்டுக்குள் வளரும் முயல் 7 முதல் 10 ஆண்டுகள் வரை நம்மோடு இருக்கும். அதற்கான வழிகளைப் பார்ப்போம்.

காட்டு முயலைப் பிடித்து வளர்க்காதீர்கள்

களை எடுக்கும்போதும் கதிர் அறுக்கும்போதும் காட்டு முயல் குட்டிகள் கண்ணில் படும். தாய் விட்டுப் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வருபவர்கள் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. காட்டு முயல் தன் குட்டிகளைப் புல்லில் தனித்தனியே படுக்க வைத்துவிட்டு, இருட்டிய பிறகு வந்து பால் கொடுக்கும். பகலில் தாய் பக்கத்தில் இல்லாதது இயல்புதான். குட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி காட்டு முயலைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். தவிர, அது வீட்டில் பழகாது. கூண்டில் முட்டி மோதியே செத்துப்போகும்.

வளர்ப்பு முயல் வேறு இனம். அதன் பூர்வீகம் ஐரோப்பாவில் உள்ள ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதி. வளர்ப்பு முயலின் குட்டி ரோமம் இல்லாமல், கண் மூடியபடி பிறக்கும். காட்டு முயலின் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். இரண்டும் ஒன்றோடொன்று இனம் சேராது.

எங்கே வாங்கலாம், எப்போது வாங்கலாம்?

தமிழ்நாட்டில் நம்பி அணுகக்கூடிய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. நீலகிரியில் சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் இந்த நிலையங்கள் வழியாகத்தான் நம் விவசாயிகளிடம் பரவின. குட்டிகள் இருப்பில் உள்ளனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இந்த இரண்டு இடங்களும் குளிர்ந்த மலைப்பகுதியில் இருப்பதைக் கவனியுங்கள். அங்கே பிறந்த குட்டியைச் சித்திரை, வைகாசியில் பேருந்தில் வைத்துச் சிவகாசிக்குக் கொண்டு வந்தால் வழியிலேயே சோர்ந்துவிடும். கார்த்திகை முதல் தை வரை வாங்குவது நல்லது. இரவிலோ அதிகாலையிலோ, காற்றோட்டமான கூடையில் கொண்டு வாருங்கள். உள்ளூர்ப் பண்ணையில் நம் வெயிலுக்குப் பழகிய குட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

குட்டிக்குக் குறைந்தது 8 வாரம் ஆகியிருக்க வேண்டும். கண், மூக்கு, காதின் உட்பக்கம், பின்பகுதி ஆகிய நான்கும் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கில் சளியோ, காதுக்குள் பொருக்கோ, பின்பகுதியில் கழிச்சல் ஒட்டியோ இருந்தால் வாங்க வேண்டாம்.

வெயிலைச் சமாளிப்பது எப்படி?

முயலுக்கு வியர்க்காது. காது வழியாகத்தான் பெரும்பாலும் உடல் சூட்டை வெளியேற்றும். ஐரோப்பாவில் அதன் மூதாதை பகல் முழுவதும் குளிர்ந்த வளைக்குள் கிடந்து, விடியற்காலையிலும் அந்தியிலும் வெளியே வந்து மேயும். ஆகவே 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை முயலுக்குச் சுகமான வெப்பம். 30 டிகிரியைத் தாண்டினால் சிரமப்படும். 35-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் கோடையில் 38, 40 டிகிரி என்பது சாதாரணம்.

அதனால் கூண்டை எந்த அறையில் வைக்கிறீர்கள் என்பதுதான் முதல் முடிவு. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள அறை கூடாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் ஏற்றதல்ல. பகலில் தளம் வாங்கிய சூடு இரவு வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தரைத்தளத்தில், வடக்குப் பக்கம் அல்லது வீட்டின் நடுவில் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். மேற்கு வெயில் விழும் ஜன்னல் பக்கம் வேண்டாம்.

கீழ்க்கண்டவற்றைச் செலவில்லாமல் செய்யலாம்:

1. வாய் அகன்ற பழைய மண்பானை ஒன்றைப் படுக்கை வாட்டில் வைத்து, அடியில் ஈரச் சாக்கு போடுங்கள். முயல் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பயந்தால் ஒளிந்துகொள்ளவும் அதுவே இடம்.

2. தண்ணீர் பாட்டிலை ஐஸ் பெட்டியில் உறைய வைத்து, துணி சுற்றி, மதியம் கூண்டுக்குள் வையுங்கள். முயல் அதன் மீது சாய்ந்துகொள்ளும்.

3. ஜன்னலில் நனைத்த சாக்கைக் கட்டுங்கள். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்காமல் அறையில் சுழன்றால் போதும்.

4. தண்ணீரை ஒரு நாளைக்கு 3 முறை மாற்றுங்கள். 3 கிலோ முயல் தினமும் 300 மில்லி வரை குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். கவிழாத கனமான மண் சட்டியே நல்லது.

முயல் வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கினாலோ, காது சிவந்து சூடாக இருந்தாலோ, வாயில் எச்சில் வழிந்தாலோ அது வெப்ப அதிர்ச்சி. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் துடையுங்கள். ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றக் கூடாது. வாயைப் பிளந்து தண்ணீர் புகட்டவும் கூடாது; நுரையீரலுக்குள் போய்விடும். துடைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வெடிச்சத்தம்: நம் ஊருக்கே உரிய பிரச்சினை

மற்ற ஊர்களில் தீபாவளியோடு சத்தம் முடிந்துவிடும். விஸ்வநத்தம் சுற்றுவட்டாரத்தில் பட்டாசு வெடிச் சத்தம் எந்த மாதத்திலும் கேட்கலாம். கோயில் கொடை, கல்யாணம், ஊர்வலம் என்று வேறு சத்தமும் உண்டு.

காட்டில் முயல் எல்லா வேட்டை விலங்குகளுக்கும் இரை. ஓடித் தப்புவது ஒன்றே அதன் பாதுகாப்பு. திடீர்ச் சத்தம் கேட்டால் யோசிக்காமல் பின்னங்காலால் உதைத்துப் பாயும். அதன் எலும்பு மிக லேசானது, தொடைத் தசையோ பலமானது. ஒடுக்கமான கூண்டில் பயந்து உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அப்படி முறிந்தால் பின்பகுதி செயலிழந்துவிடும். பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. பயம் அதிகமானால் குடல் இயக்கமும் நின்றுவிடும். தீபாவளி இரவுக்குப் பிறகு முயல் தின்னாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே தயாராகுங்கள். தெருப் பக்கம் இல்லாத உள்ளறைக்குக் கூண்டை மாற்றி, அந்த இடத்துக்கு முயலைப் பழக்குங்கள். கூண்டின் மூன்று பக்கமும் தடித்த போர்வை தொங்கட்டும். ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். ஒளிந்துகொள்ள மண்பானையோ அட்டைப் பெட்டியோ உள்ளே இருக்க வேண்டும். காய்ந்த புல்லைத் தாராளமாகப் போடுங்கள். பண்டிகை இரவில் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் முயல் அமைதியாக இருக்கும். பயந்திருக்கும்போது மடியில் தூக்கி வைக்காதீர்கள். துள்ளிக் கீழே விழுந்தால் கால் ஒடியும். பட்டாசுப் புகை அறைக்குள் வராமல் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

மறுநாள் காலையில் முதல் வேலை, புழுக்கையைப் பார்ப்பது. வழக்கம்போல் உருண்டையாக, நிறையப் போட்டிருந்தால் கவலை இல்லை. சிறுத்துக் குறைந்திருந்தாலோ, ஒன்றுமே இல்லை என்றாலோ, புல்லைத் தொடாமல் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாலோ மதியம் வரை காத்திருக்க வேண்டாம்.

பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடையிலும் கையிலும் அலுமினியப் பவுடரும் மற்ற மருந்துத் தூளும் ஒட்டியிருக்கும். முயல் பூனையைப் போலத் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. ரோமத்தில் ஒட்டியது எல்லாம் வயிற்றுக்குப் போகும். குளித்து உடை மாற்றிய பிறகே முயலைத் தொட வேண்டும். நம் பிள்ளைகளைத் தூக்குவதற்கும் அதே விதிதான்.

தீவனம்: புல்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொடுகறி

முயல் என்றால் கேரட் என்று படத்தில் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் கேரட்டில் சர்க்கரை அதிகம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஒரு சிறு வில்லை போதும்.

முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். நார் மிகுந்த புல்லை அரைத்து அரைத்துத்தான் அந்தப் பல் தேய வேண்டும். குடலும் நார் இருந்தால்தான் இயங்கும். அதனால் தீவனத்தில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும்.

3 கிலோ எடையுள்ள முயலுக்கு ஒரு நாள் கணக்கு:

1. காய்ந்த புல் அல்லது வாடவைத்த புல்: எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். அதன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல்.

2. பசுந்தழை: 150 முதல் 200 கிராம். வேலிமசால், முள்முருங்கை, அகத்தி, கொத்தமல்லித் தழை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்.

3. முயல் குச்சித் தீவனம்: அதிகபட்சம் 50 கிராம். இதைக் கூட்டினால் முயல் கொழுக்கும், புல்லைத் தின்னாது.

சோறு, இட்லி, பிஸ்கட், ரொட்டி, முறுக்கு, இனிப்பு எதுவும் கொடுக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். கோழித் தீவனம், மாட்டுத் தீவனமும் ஆகாது. எந்தப் புதுத் தீவனத்தையும் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டியே பழக்க வேண்டும்.

புல் விஷயத்தில் விவசாயிக்கு ஒரு வசதி இருக்கிறது. நகரத்தில் பணம் கொடுத்து வாங்கும் காய்ந்த புல்லை நீங்களே தயாரிக்கலாம். அறுகம்புல், கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆகியவற்றைப் பூக்கும் பருவத்தில், பனி உலர்ந்த பிறகு அறுங்கள். நிழலில் 2 அல்லது 3 நாள் புரட்டிப் போட்டு, கையில் நொறுக்கினால் சரசரவென்று வரும் வரை உலர்த்துங்கள். சாக்கில் கட்டி, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை எடுத்து எறிந்துவிடுங்கள். பனி ஈரத்தோடு அறுத்த பசும்புல்லை அப்படியே போட்டால் வயிறு உப்பும்.

எங்கே அறுப்பது என்பதும் முக்கியம். மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கும், பருத்தியில் காய்ப்புழுவுக்கும் மருந்து அடித்தால் அந்த வரப்புப் புல்லில் மருந்து படியும். அங்கே அறுக்க வேண்டாம். சாலையோரப் புல், பட்டாசுக் கழிவு கொட்டும் அல்லது எரிக்கும் இடத்தின் புல், களைக்கொல்லி அடித்த இடத்தின் புல் ஆகியவையும் கூடாது. கொல்லையில் 1 சென்ட் இடத்தில் வேலிமசாலும் புல்லும் போட்டால் ஒரு முயலுக்குப் பெரும்பகுதித் தீவனம் வந்துவிடும். இளஞ்சோளத் தட்டை, ஆமணக்கு, எருக்கு, அரளி, பார்த்தீனியம் ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் இடமும் சுத்தமும்

கூண்டு 4 அடி நீளம், 2 அடி அகலத்துக்குக் குறையக் கூடாது. கம்பி வலைத் தளத்தில் எந்நேரமும் நின்றால் பாதம் புண்ணாகும். பலகை வைத்து, மேலே சாக்கு விரியுங்கள். காலையும் மாலையும் சேர்த்து 3 மணி நேரமாவது அறையில் ஓட விட வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்கும், கோரைப்பாய் போடுங்கள். மின்வயரைக் கண்டால் கடிக்கும். வயர்களை உயரத் தூக்கிக் கட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். கீரி, பூனை, தெருநாய், பாம்பு வராமல் கதவிடுக்கு, சாக்கடைத் துளைகளை அடைத்துவிடுங்கள்.

முயல் பொதுவாக ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் ஒரு தட்டு வைத்தால் விரைவில் பழகிவிடும். தட்டில் போட, சிவகாசி அச்சகங்களில் கிடைக்கும் காகிதத் துண்டு உதவும். ஆனால் அச்சு மை படாத வெள்ளைக் காகிதமாக இருக்க வேண்டும். பளபளப்பான காலண்டர் காகிதமும், பட்டாசுக்குச் சுற்றும் காகிதமும் வேண்டாம். தட்டில் சேரும் புழுக்கை நல்ல எரு. மல்லிகைச் செடிக்கும் கத்தரிக்கும் போடலாம்.

இரண்டு விஷயங்களைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். ஒன்று, சிறுநீர் சில நேரம் ஆரஞ்சு அல்லது செந்நிறமாக இருக்கும். தின்ற தழையின் நிறம் அது. முயல் முக்கினாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோதான் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றொன்று, இரவில் மென்மையான ஒருவகைக் கழிவை முயல் தானே வாயால் எடுத்துத் தின்னும். அதில்தான் அதற்குத் தேவையான வைட்டமினும் புரதமும் இருக்கின்றன. தடுக்காதீர்கள்.

தூக்கும் முறை, ஜோடி, மருந்து

காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மற்றொரு கையைப் பின்பகுதிக்கு அடியிலும் கொடுத்து, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். சிறு குழந்தைகள் தரையில் உட்கார்ந்தபடி தடவிக் கொடுத்தால் போதும்.

ஆணும் பெண்ணும் சேர்த்து வளர்த்தால், 4 மாதத்துக்குப் பிறகு பிரித்துவிட வேண்டும். சினைக்காலம் 30 முதல் 32 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஓர் ஈற்றில் 6 முதல் 8 குட்டிகள் என்றால் ஆண்டு முடிவில் வீடு கொள்ளாது. துணை வேண்டும் என்றால் ஒரே ஈற்றுப் பெண் குட்டிகள் இரண்டை வளர்க்கலாம்.

மருந்து விஷயத்தில் கைவைத்தியம் வேண்டாம். கோழிக்கும் மாட்டுக்கும் மீந்த மருந்தைக் கொடுப்பது ஆபத்து. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துவிடும். நாய்க்கு உண்ணி போக்கத் தடவும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு நாம் பயன்படுத்தும் அதே மருந்துதான் அது. காதில் பொருக்கு, மூக்கில் சொறி தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சொறியும் படர்தாமரையும் மனிதருக்கும் தொற்றும் என்பதால் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தினமும் காலையில் 2 நிமிடம் ஒதுக்கி நான்கைப் பாருங்கள்: புல் குறைந்திருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, புழுக்கை போட்டிருக்கிறதா, கூப்பிட்டால் காதை அசைக்கிறதா. முயல் நோயை வெளியே காட்டாது. காட்டும் நேரத்தில் பாதி நோய் முற்றியிருக்கும். நான்கில் ஒன்று தவறினாலும் அன்றே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். தீவனப்புல் விதை, கரணை பற்றிய சந்தேகங்களுக்கு அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

குளிர்ந்த அறை, ஒளிந்துகொள்ள ஒரு பானை, மருந்து படாத புல் ஆகிய மூன்றும் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தாராளமாக முயல் வளர்க்கலாம். இல்லை என்றால் முதலில் அவற்றை ஏற்பாடு செய்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் குட்டியை வாங்குங்கள்.